பொருள் எண் ஏழு

மின்னாம்பள்ளியில் யாரும்
சங்கத்துக்குப் போவதாகச் சொல்வதில்லை.
"அர்த்தனாரிகிட்டப் போய்ட்டு வந்துர்றேன்" என்பார்கள்.
பலகையில் என்னவோ நீளமாகத்தான் இருக்கும்:
கிழங்கு அரவைத் தொழிலாளர்
சிக்கன நாணயக் கூட்டுறவுக் கடன் சங்கம்.
பதிவு எண்ணின் கடைசி இலக்கத்தை
லாரி ஒன்று உரசிக்கொண்டு போய்
ஒன்பது வருஷம்.
அவர் செல்போன் எண் மட்டும்
ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை
புது பெயிண்ட் பூசிக்கொள்ளும்.

திருச்செங்கோட்டு மலைமேல்
பாதி அம்மையாய் நிற்கிறவன் பெயர் அவருக்கு.
இவரில் பாதி ஆள், பாதி சங்கம்.
நடுக்கோடு எங்கே ஓடுகிறதென்று
இருபத்திரண்டு வருஷமாக
எந்த ஆடிட்டரும் கேட்கவில்லை.
அதற்குள் டீ வந்துவிடும்.

என் மகன் சேலம் பெரியாஸ்பத்திரியில்
மூச்சுக்குத் திணறிய சாயங்காலம்
துணை விதிகள் புத்தகத்தை நான் திறந்தேன்.
அவர் மூடினார்.
இரண்டு ஜாமீன், சம்பளச் சான்று,
நிர்வாகக் குழுத் தீர்மானம்...
"புஸ்தகத்துக்கு மூச்சு முட்டுமா அம்மணி?"
முப்பதாயிரம். மஞ்சள் பையில்.
மகன் இப்போது பாலிடெக்னிக் போகிறான்.
இதைச் சொல்லாமல்
அடுத்த வரிக்குப் போக முடியாது என்னால்.

போகிறேன்.

மாதையன் என்று ஒருவன்.
புளித்த மாவுத் தண்ணீர் வாடை
சட்டையை விட்டுப் போகாதவன்.
சந்தா ஒரு மாதம் தவறியதில்லை.
இரண்டு ஜாமீனையும் கையோடு கூட்டிக்கொண்டு
நான்கு முறை வந்தான்.
"அடுத்த மாசம் பாக்கலாம்."
ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில்
இவரைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லையாம்.
வாயில் சோறு இருந்துச்சுங்க என்றான் என்னிடம்.
முகம் பார்த்து அள்ளிய அதே கை
முகம் பார்த்து மூடிக்கொண்டது.
நான் அப்போது
ரசீதுப் புத்தகத்தில் கார்பன் செருகிக்கொண்டிருந்தேன்.
வெகு கவனமாக.

பங்குனியில் பக்கவாதம்.
இடப்பக்கம் விழுந்தது.
சங்கம் அந்தப் பக்கம் இருந்திருக்கிறது.
பீரோ சாவி அரைஞாண் கயிற்றில்.
எதை எங்கே வைத்தார் என்று
குழறிக் குழறிச் சொன்னார்,
யாருக்கும் புரியவில்லை.
பதினோரு நாள் ஷட்டர் இறங்கியே கிடந்தது.
பன்னிரண்டாம் நாள் அவர் சம்சாரம்
சம்படம் நிறையத் துண்டுச் சீட்டு கொண்டுவந்தார்.
'பழநி 5.'
'செவிடன் பொண்டாட்டி 2, கேக்காதே.'
'அம்மணி பையன். வட்டி வேண்டாம்.'

கடைசிச் சீட்டை நான்
யாருக்கும் காட்டவில்லை.
வட்டியைக் கட்டிவிட்டேன்.

இப்போது அந்த நாற்காலியில் நான்.
பலகையில் சங்கத்தின் எண்.
டோக்கன் மிஷின் வாங்கியாயிற்று.
மாதையனுக்கு டோக்கன் பதினேழு,
கடன் பாஸானது.
நன்றி சொல்ல வந்தவன்
யாரிடம் சொல்வதென்று தெரியாமல்
மிஷினைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனான்.

நேற்று, கணக்கு முடிக்கிற நேரம், பூங்காவனம்.
கிழங்குத் தோல் சீவுகிறவள்.
நகக்கண்ணெல்லாம் மண்.
மகளுக்குப் பிரசவம் சிக்கலாம்,
பணம் கட்டச் சொல்கிறார்களாம்.
உறுப்பினராகி நான்கு மாதம்;
விதி ஆறு கேட்கிறது.
புருஷன் பாலக்காட்டுப் பக்கம்,
ஜாமீனுக்கு ஆளில்லை.
முன்னிருந்து பின், பின்னிருந்து முன்
புத்தகத்தைப் புரட்டினேன்.
அவளுக்கென்று ஒரு வரி இல்லை.
வெள்ளைத்தாள் எடுத்து எழுதினேன்:
வியாழக்கிழமைக் கூட்டம்.
பொருள் எண் ஏழு,
அவசர மருத்துவக் கடனுக்குத் தனி விதி.

"ஏழாவதாத்தான் பேசுவீங்களா?"

அடித்துவிட்டு ஒன்று என்று போட்டேன்.

"சரிங்க. வியாழக்கெழம வரைக்கும்?"

மேஜைக்கடியில் என் கைப்பை.
ஜிப் பழுது,
எப்போதும் பாதி திறந்தே கிடக்கும்.